மூன்று வெடியை நம்ப மாட்டேன்

மூன்று துளைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும் இலக்குத்தாளை யாராவது பெருமையோடு நீட்டினால் நான் கேட்பது ஒன்றுதான்: பத்தில் மிச்சம் ஏழு வெடி எங்கே?

கேட்பவருக்குக் கொஞ்சம் கோபம் வரும். பரவாயில்லை. சுட்டு முடிந்த பித்தளைக் கோதில் புதிதாகப் பிரைமர் (தீமூட்டும் சிறு மூடி), வெடிமருந்து, சன்னம் (பறந்துபோகும் குண்டு) வைத்து வீட்டில் தோட்டா கட்டுகிறவர்களில் பாதிப்பேர் வருடக்கணக்காகத் தேவையில்லாத இடத்தில் மினக்கெடுவதற்கு அந்த மூன்று துளைத் தாள்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வேட்டைக்குப் போகும் துவக்கு ஒன்றுக்கு நல்ல தோட்டா எப்படி உருவாகிறது, எதற்கு நேரம் செலவழிக்கலாம், எதை விட்டுவிடலாம் என்பதை ஒருமுறை விரிவாக எழுதிவைக்க நினைத்தேன்.

நான் இருப்பது நோர்வேயில், ஹாமாரில். வேலை மருத்துவமனை ஆய்வுகூடத்தில், இரத்தப் பரிசோதனைப் பகுதி. செப்ரெம்பர் 25 எல்க் வேட்டை தொடங்கியதும் எஸ்தர்டாலன் பள்ளத்தாக்குக் காட்டில் ஒரு வேட்டைக் குழுவோடு நிற்பேன். எல்க் என்பது மான் குடும்பத்திலேயே பெரியது. வளர்ந்த கடா ஒன்று குதிரையளவு உயரம் நிற்கும். என் துவக்கு பின்லாந்துத் தயாரிப்பு, டிக்கா டி3எக்ஸ். தோட்டா 6.5×55, குழலின் விட்டமும் கோதின் நீளமும் மில்லிமீற்றரில்.

இந்தத் தோட்டாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். சுவீடனும் நோர்வேயும் ஒரே முடியாட்சியின் கீழ் இருந்த காலத்தில், 1894இல், இரண்டு நாட்டுப் படைகளுக்கும் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது இது. நோர்வேக்காரர் அதைக் க்ராக்-யோர்கன்சன் துவக்கிலும் சுவீடன்காரர் மவுசரிலும் போட்டார்கள். அன்றைய சன்னம் 10.1 கிராம், நீளமாக, முனை உருண்டதாக இருந்தது. அந்த நீளச் சன்னத்தைச் சுழற்றி நிலைநிறுத்துவதற்காகக் குழலின் உள்வரிகள் ஏறத்தாழ 200 மில்லிமீற்றருக்கு ஒரு சுற்று என்று இறுக்கமாக வெட்டப்பட்டன. இன்றைக்கும் 6.5×55 குழல்கள் கிட்டத்தட்ட அந்தச் சுற்றோடுதான் வருகின்றன. கனமான நீளச் சன்னம் இதில் அழகாகப் பறப்பதற்குக் காரணம் அதுதான். உதையும் குறைவு. தோள் நோகாத துவக்கை மனிதன் பயமில்லாமல் சுடுகிறான். பயமில்லாமல் சுடுகிறவன் நேராகச் சுடுகிறான்.

சன்னத்தின் நிறையை நான் தேர்ந்தெடுத்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். வேட்டைத் தேர்வுக்குப் படித்தபோது மனப்பாடமான விதி: எல்க்குக்குச் சன்னம் குறைந்தது 9 கிராம் இருக்கவேண்டும். 9க்கும் 10க்கும் இடையில் என்றால் 100 மீற்றரில் 2700 யூல் சக்தி தேவை. 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 2200 யூல் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 கிராம் சன்னம் 100 மீற்றரில் செக்கனுக்கு 775 மீற்றர் வேகத்தில் போய்ச்சேர வேண்டும். 10.1 கிராம் சன்னத்துக்கு 660 மீற்றர் போதும். என் துவக்கில் 10.1 கிராம் குழல்வாயை விட்டுப் புறப்படுவது 760 சொச்சத்தில். 100 மீற்றரில் 660ஐ நிம்மதியாகத் தாண்டும், மருந்தை உச்சிவரை ஏற்றவேண்டிய தேவையே இல்லை. தோட்டா கட்டுவதில் இப்படியொரு இடைவெளி கிடைப்பது பெரிய வசதி. உச்சியில் நின்றால், சூட்டில் அமுக்கம் கூடும் என்பதால், கோடை வெயிலுக்கும் பயப்படவேண்டும்.

சரி, ஏன் வீட்டில் கட்டவேண்டும்? கடையில் விற்கிற தோட்டா மோசமில்லை, நன்றாகவே சுடும். இங்கே பெருவிலங்கு வேட்டைக்குப் போகிறவர் ஒவ்வொரு வருடமும் சூட்டுத் தேர்வு எழுதவேண்டும். முதலில் பயிற்சியாக 30 வெடி, பிறகு 100 மீற்றரில் கலைமான் உருவத்தின் மேல் 5 வெடி. ஐந்தும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் விழவேண்டும். நல்ல கடைத்தோட்டா எதுவும் இதற்குப் போதும். நான் கட்டுவது வேறு காரணத்துக்கு. வசந்தத்தில் பயிற்சி எடுக்கும் தோட்டாவும் ஒக்ரோபரில் காட்டுக்குக் கொண்டுபோகும் தோட்டாவும் ஒரே சன்னம், ஒரே மருந்து, ஒரே தொகுதியாக இருக்கவேண்டும். கடையில் இன்று வாங்கியது அடுத்த தடவை கிடைக்காது. 2022க்குப் பிறகு ஐரோப்பா முழுக்க மருந்துக்கும் பிரைமருக்கும் தட்டுப்பாடு வந்தபோது, முன்கூட்டியே ஒரே தொகுதி வாங்கி வைத்தவர்கள் மட்டும்தான் கவலைப்படாமல் பயிற்சி செய்தார்கள். இன்னொரு காரணமும் உண்டு. உயிருள்ள ஒரு பிராணிக்கு மேல் விசையை இழுக்கும்போது அந்தத் தோட்டாவின் ஒவ்வொரு பாகத்தையும் நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன் என்பது எனக்கு முக்கியம்.

இதில் என் தாய்வழி மாமாவின் பங்கு இருக்கிறது. வன்னியில், முல்லைத்தீவுப் பக்கம், அவரிடம் ஓர் இடியன் துவக்கு இருந்தது. வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த மருந்தை ஒரு பழைய தோட்டாக் கோதால் அளந்து குழல்வாய் வழியாகப் போட்டு, தும்பு அடைத்து, கம்பியால் இடித்து, ஈயக்குண்டை இறக்கி, திரும்பவும் தும்பு அடைப்பார். ஒரு வெடி தவறினால் அடுத்ததைக் கட்டி முடிப்பதற்குள் பன்றி அடுத்த ஊருக்குப் போயிருக்கும். அதனால் மாமா கிட்டப் போகும்வரை சுடமாட்டார். ஒரு வெடிதான் இருக்கிறது என்ற நினைப்போடு துவக்கைத் தூக்குகிற பழக்கம் அவரிடம் பார்த்தது. என் துவக்கின் ரவைக்கூட்டில் மூன்று கிடந்தாலும் எனக்குக் கணக்கு முதல் வெடி மட்டும்தான்.

இனி அந்த மூன்று துளைக்கு வருகிறேன். ஆய்வுகூடத்தில் ஒரு மாதிரியை இரண்டு தடவை அளந்துவிட்டு இயந்திரம் சரி என்று யாரும் எழுதிக் கையெழுத்துப் போடமாட்டோம். துவக்குக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு துவக்கும் ஒரு தோட்டாவும் சேர்ந்து எவ்வளவு சிதறும் என்பதற்கு ஓர் உண்மையான அளவு உண்டு. மூன்று வெடி வைத்து, தூரமாக விழுந்த இரண்டு துளைகளுக்கு இடையே அளந்தால், அந்த உண்மையின் ஒரு சிறு துண்டுதான் கிடைக்கும். கணிதம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: சராசரியாக, சிதறலின் நியம விலகலை (துளைகள் நடுவிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்ற அளவை) போல மூன்று வெடிக் குரூப், அதாவது மூன்று துளைக் கூட்டம், 2.4 மடங்கு, ஐந்து வெடிக் குரூப் 3.1 மடங்கு, பத்து வெடிக் குரூப் 3.8 மடங்கு அகலம் வரும். அதாவது மூன்று வெடியில் சராசரி 25 மில்லிமீற்றர் காட்டுகிற துவக்கு, பத்து வெடியில் 40 காட்டும். துவக்கு கெட்டுப்போகவில்லை, தோட்டாவும் மாறவில்லை. பத்து வெடி உண்மைக்குக் கிட்டப் போகிறது, அவ்வளவுதான்.

இதைவிட மோசமானது ஏற்ற இறக்கம். மூன்று வெடிக் குரூப்பின் அகலம் அதன் சராசரியிலிருந்து முன்பின்னாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆடுவது சாதாரணம். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த தோட்டாக்களே முதலில் 15 மில்லிமீற்றரும் அடுத்தது 38 மில்லிமீற்றரும் காட்டும். இப்போது ஒருவர் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு அளவிலும் மூன்று மூன்றாகச் சுட்டு, இந்த அளவுக்கு என் துவக்கு சிரித்தது, அடுத்த அளவுக்கு முறைத்தது என்று ஒரு வரைபடம் போடுகிறார் என்று வையுங்கள். அவர் பார்த்தது பெரும்பாலும் தற்செயல். அடுத்த கிழமை அதே பரிசோதனையைத் திரும்பச் செய்தால் வேறு அளவு சிரிக்கும். அவர் அதைச் செய்வதில்லை. முதல் தாளைச் சட்டம் போட்டு மாட்டிவிடுகிறார்.

கோபப்படவேண்டாம், இதைச் சொல்வது உங்கள் பணத்தையும் குழலின் ஆயுளையும் நினைத்துத்தான். மருந்தில் ஒரு கிரெய்னின் பத்தில் ஒன்று, அதாவது ஆறரை மில்லிகிராம், கூடிக் குறைவதால் 100 மீற்றரில் குரூப் சுருங்கி விரிவதை நிரூபிக்க வேண்டுமானால் ஒவ்வொரு அளவிலும் குறைந்தது இருபது முப்பது வெடி வேண்டும். அவ்வளவு சுட்டவர்கள் சொல்வது, வித்தியாசம் இருந்தாலும் மிகச் சிறிது என்பதுதான். என் அனுபவமும் அதேதான். குரூப்பை உண்மையில் மாற்றுவது சன்னம். ஒரு சன்னம் இந்தக் குழலுக்குப் பிடிக்கவில்லை என்றால் மருந்தைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டு அதைச் சமாதானப்படுத்த முடியாது. சன்னத்தை மாற்றுங்கள். அது பலிக்கவில்லையா, மருந்து வகையை மாற்றுங்கள். அதன் பிறகும் சரிவரவில்லை என்றால் ஸ்கோப்பின் திருகாணிகளைப் பாருங்கள்.

என் தேர்வு இப்போது இப்படி. சன்னம் நோர்மா ஓரிக்ஸ், 10.1 கிராம். ஈயம் வெளிக்கவசத்தோடு ஒட்டவைக்கப்பட்டிருப்பதால் எலும்பில் பட்டாலும் உதிராமல் காளான்போல விரிந்து உள்ளே போகும். நோர்மா சுவீடன் கம்பனி, ஓமோட்ஃபொர்ஸ் என்ற ஊரில் 1902இல் தொடங்கியவர்கள் எங்கர் என்ற நோர்வே சகோதரர்கள். கோது பின்லாந்தின் லாப்புவா. மருந்து பின்லாந்தின் விஹ்தாவூரி என்160. லாப்புவாவுக்கும் விஹ்தாவூரிக்கும் உரிமையாளரான நாம்மோவின் தலைமையகம், என் வீட்டிலிருந்து பார்த்தால் மியோசா ஏரிக்கு அந்தப் பக்கம், ரவ்ஃபோஸில் இருக்கிறது.

கோது வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 6.5×55 கோதின் அடிப்பாகம் 12.2 மில்லிமீற்றர். அமெரிக்காவில் செய்யும் சில கோதுகள் அங்கே வழக்கமான 12 மில்லிமீற்றர் அச்சிலேயே வருகின்றன. சுட்டால் அடிப்பக்கம் ஊதி நிற்கும். வடக்கு ஐரோப்பியக் கோது விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். பல தடவை திருப்பிக் கட்டலாம்.

மருந்து எத்தனை கிராம் போடுகிறேன் என்று இங்கே எழுதமாட்டேன். நண்பர்கள் கேட்டாலும் சொல்வதில்லை. மருந்துத் தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணை இருக்கிறது. அதில் உள்ள ஆகக் குறைந்த அளவில் தொடங்கி, சிறு படிகளாக ஏறி, ஒவ்வொரு படியிலும் கோதைப் பார்த்துப் பார்த்துப் போகவேண்டும். பூட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்பக்கத்தை மூடும் பாகத்தை, தூக்கும்போது கை இறுகுகிறதா, பிரைமர் தட்டையாகி விளிம்பு நிரம்பிவிட்டதா, கோதின் அடியில் பளபளப்பாகப் புதிய தழும்பு விழுந்திருக்கிறதா? இதில் ஒன்று தெரிந்தாலும் அங்கேயே நிற்கவேண்டும், அட்டவணை இன்னும் இடம் இருக்கிறது என்று சொன்னாலும். பழைய க்ராக் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். அதன் பூட்டுக்கு முன்பக்கம் தாங்கும் கொளுவி ஒன்றே ஒன்று. ஐரோப்பிய நியமம் இந்தத் தோட்டாவுக்கு 3800 பார் அமுக்கத்தை அனுமதிக்கிறது. அமெரிக்க நியமம் 51,000 பிஎஸ்ஐ, கிட்டத்தட்ட 3500 பார், பழைய துவக்குகளை நினைத்துக் குறைத்து வைத்தது. என் டிக்காவுக்குச் சாதாரணமான தோட்டாவைத் தாத்தாவின் க்ராக்கில் போடக்கூடாது.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்துப் போத்தல்தான் இருக்கவேண்டும். மற்றதெல்லாம் அலுமாரிக்குள். இது பேச்சுக்கு இடமில்லாத விதி.

கட்டும் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் கோதைத் திருத்தி அமைப்பது. வெடித்த கோது துவக்கின் தோட்டா அறையின் அளவுக்கு ஊதியிருக்கும், அதைத் திரும்ப உள்ளே போகும் அளவுக்கு நெருக்கவேண்டும். ஆட்டுரோமக் கொழுப்பை மதுசாரத்தில் கரைத்துக் கோதுகளின் மேல் தெளித்து, கைக்குள் உருட்டி, மதுசாரம் ஆவியாகும்வரை விட்டுவிடுவேன். பிறகு ஒவ்வொன்றாக அச்சுக்குள். அழுத்தியின் கைப்பிடி கீழே போகும்போது எல்லாக் கோதும் ஒரே கனத்தில் இறங்கவேண்டும். ஒன்று மட்டும் வேறுமாதிரி இழுத்தால் அதைத் தனியே வைத்துவிடுவேன், பெரும்பாலும் கழுத்துப் பித்தளை இறுகிப்போயிருக்கும். அச்சிலிருந்து வெளியே வந்த கோதின் தோளை, கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை, அளவுகோலில் பார்ப்பேன். சுட்டபோது இருந்ததைவிட 0.05 மில்லிமீற்றர் பின்னால் போயிருந்தால் போதும். அச்சை அடிவரை இறுக்கி வைத்துவிட்டு அளக்காமல் விடுகிறவர்கள் தோளை நாலைந்து மடங்கு பின்னால் தள்ளிவிடுகிறார்கள். அப்படிச் செய்த கோது ஒவ்வொரு வெடிக்கும் அடிக்கு மேலே இழுபட்டு மெலிந்து, கடைசியில் வளையமாக வெடிக்கும். வளைத்த மெல்லிய கம்பி ஒன்றைக் கோதுக்குள் விட்டுச் சுவரில் உரசிப் பார்த்தால் அந்தப் பள்ளம் வெளியே தெரியுமுன் விரல்நுனிக்குத் தெரியும்.

கழுத்தை மட்டும் நெருக்கினால் போதும் என்று சொல்கிறவர்கள் உண்டு. இலக்குச் சூட்டுக்கு அவர்கள் பாடு. வேட்டைக்கு முழுக் கோதையும் நெருக்குங்கள். மைனஸ் பத்தில், கையுறையோடு, பூட்டில் பனித்தூள் விழுந்திருக்கும்போது இரண்டாவது தோட்டா தடையில்லாமல் உள்ளே போகவேண்டும்.

நீளம் வெட்டுவது, வாய் சீவுவது, பிரைமர் பைகளைச் சுரண்டுவது எல்லாம் செய்கிறேன், அதில் சொல்ல அதிகமில்லை. பிரைமர் கோதின் அடியோடு சமமாகவோ மயிரிழை உள்ளேயோ இருக்கவேண்டும். வெளியே தலைகாட்டக்கூடாது, பெருவிரலால் தடவினால் தெரியும்.

மருந்து நிறுக்கும் தராசைப் பற்றி ஒரு வார்த்தை. 0.01 கிராம் காட்டுகிற மலிவுத் தராசு போதும் என்று நினைக்காதீர்கள். 0.01 கிராம் என்பது 0.15 கிரெய்ன், அதன்மேல் தராசின் தளம்பல் வேறு. சிறிய சோதனை நிறை ஒன்றை வாங்கி, தொடங்கும்போதும் நடுவிலும் முடிக்கும்போதும் வைத்துப் பாருங்கள். ஆய்வுகூடத்தில் நாங்கள் ஒவ்வொரு காலையும் செய்வது இதுதான். மருந்து போட்டு முடிந்ததும் கோதுகளைத் தட்டில் நிறுத்தி, சன்னம் வைக்குமுன் டோர்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்ப்பேன். என்160 மெதுவாக எரியும் மருந்து, கோதின் பாதிக்கு மேல் நிரம்பும். அதனால் இரண்டு தடவை போட்டால் வழிந்துவிடும், காட்டிக்கொடுத்துவிடும். போடாமல் விட்ட கோதுதான் கண்ணுக்குத் தப்பும். டோர்ச் அதற்கு.

சன்னத்தை எவ்வளவு ஆழத்தில் வைப்பது என்பது பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். வேட்டைத் தோட்டாவுக்கு இரண்டு நிபந்தனைதான்: ரவைக்கூட்டுக்குள் அடங்கவேண்டும், உள்வரியின் தொடக்கத்தைத் தொடக்கூடாது. இந்தத் தோட்டாவின் மொத்த நீளத்துக்கு ஐரோப்பிய நியமம் 80 மில்லிமீற்றர் வரை இடம் தருகிறது, அதற்குள் நிற்கிறேன். உள்வரியில் சன்னம் இறுகிய தோட்டாவைச் சுடாமல் வெளியே எடுக்கப்போனால் சன்னம் குழலில் தங்கிக் கோது மட்டும் வரும், மருந்து முழுக்கப் பூட்டுக்குள் கொட்டும். காட்டில் அன்றைய வேட்டை அதோடு முடிந்தது.

வேகமானி வாங்கியவர்கள் எல்லாரும் வேகத்தின் நியம விலகலைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். நானும் வைத்திருக்கிறேன், பயன் உண்டு, ஆனால் அது சொல்வதை அளந்துதான் எடுக்கவேண்டும். சன்னம் 100 மீற்றர் போக எடுப்பது ஏறத்தாழ 0.135 செக்கன். அதற்குள் புவியீர்ப்பால் விழுவது சுமார் 9 சென்ரிமீற்றர். ஒரு தோட்டா மற்றதைவிட செக்கனுக்கு 15 மீற்றர் மெதுவாகப் போனால், அதாவது 2 சதவீதம், விழுகை 4 சதவீதம் கூடும். மூன்றரை மில்லிமீற்றர். 300 மீற்றரில் அதே வித்தியாசம் 4 சென்ரிமீற்றரைத் தொடும், அங்கே யோசிக்கலாம். எஸ்தர்டாலன் காட்டில் மரங்களுக்கு இடையில் எல்க்கைப் பெரும்பாலும் 100 மீற்றருக்கு உள்ளேதான் சுடுகிறோம். வேகமானியால் எனக்குக் கிடைக்கும் நன்மை வேறு: சட்டம் கேட்கும் சக்தி இருக்கிறதா என்று தெரிகிறது, புதிய மருந்துப் போத்தல் பழையதுபோலவே எரிகிறதா என்று தெரிகிறது, காரணமில்லாமல் வேகம் எகிறினால் அமுக்கமும் எகிறியிருக்கிறது என்ற எச்சரிக்கை கிடைக்கிறது.

இப்போது சூட்டுத்திடல். புதிய தோட்டா ஒன்றுக்கு நான் வைப்பது பத்து வெடி, ஒரே தாளில். வேட்டைத் துவக்கின் குழல் மெல்லியது, தொடர்ந்து சுட்டால் சூடாகி இடம் மாறும். மூன்று வெடி, பிறகு பூட்டைத் திறந்துவைத்துக் கோப்பி குடித்து முடியும்வரை ஓய்வு, மறுபடி மூன்று. குழலைக் கையால் பிடித்து ஆறுதலாக வைத்திருக்க முடியாவிட்டால் சுடமாட்டேன். பத்துத் துளையும் விழுந்த பிறகு நடுப்புள்ளியைக் கணித்து, ஒவ்வொரு துளையும் அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து சராசரி எடுப்பேன். ஓரத்து இரண்டு துளைகளை மட்டும் அளப்பதைவிட இது நேர்மையானது, பத்து வெடியும் பேசுகின்றன. 100 மீற்றரில் அந்தச் சராசரித் தூரம் 15 மில்லிமீற்றருக்குள் வந்தால் அந்தத் தோட்டாவை ஏற்றுக்கொள்வேன். அதற்குக் கீழே துரத்துவதில்லை. மிச்சமிருக்கும் தோட்டாவெல்லாம் கோலில் தாங்கியும் முழங்காலிலும் நின்றும் சுட்டுப் பழகுவதற்குப் போகிறது. எல்க்குக்கு முன்னால் நிற்கும்போது என்னுடைய ஆட்டம் துவக்கின் ஆட்டத்தைப் போலப் பல மடங்கு. அதைக் குறைப்பதற்குத்தான் மருந்து செலவழிக்க வேண்டும்.

இன்னொரு தாள் இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. தடித்த மட்டையில் ஒட்டிய ஓர் இலக்குத்தாள், துவக்குப் பைக்குள் வருடம் முழுக்க இருக்கும். திடலுக்குப் போனதும் வைக்கும் முதல் வெடி, குளிர்ந்த குழலிலிருந்து போகும் வெடி, அந்தத் தாளில் மட்டும் விழும். ஒன்றே ஒன்று. துளைக்குப் பக்கத்தில் பென்சிலால் திகதியும் வெப்பநிலையும் எழுதி, தாளைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் பயிற்சி. ஏப்ரலில் ஈரக்காற்றில் விழுந்தது, யூலையில் 24 பாகையில் விழுந்தது, ஜனவரியில் மைனஸ் 18இல் விழுந்தது எல்லாம் ஒரே தாளில் சேரும். எல்க்குக்கு மேல் நான் வைக்கப்போகும் வெடி இந்த வகை வெடிதான். மூன்றாவது, நாலாவது வெடி எங்கே போகிறது என்பது அந்த நேரத்தில் யாருக்குத் தேவை? ஸ்கோப்பைத் திருத்துவதும் இந்தத் தாளின் நடுப்புள்ளியை வைத்துத்தான்.

எண்ணெய் ஊறிய குழலின் முதல் வெடி வேறு இடத்துக்குப் போகும் என்பதையும் இந்தத் தாள்தான் எனக்குக் காட்டித்தந்தது. அதனால் வேட்டைக்காலத்தில் குழலை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் புறப்படுவேன்.

குளிர் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் முடியாது. எங்கள் ஆட்கள் தோட்டாவைச் சோதிப்பது கோடையில், சுடுவது பனியில். மருந்து குளிர்ந்தால் மெதுவாக எரியும், வேகம் குறையும். சில மருந்துகளில் இது அதிகம், சிலவற்றில் குறைவு. இரவு முழுக்க வெளியே விட்ட தோட்டாக்களை ஜனவரியில் சுட்டுப் பார்த்ததில், யூலை வேகத்தைவிட செக்கனுக்கு 14 மீற்றர் குறைந்திருந்தது. மேலே போட்ட கணக்கின்படி 100 மீற்றரில் அது கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். தாளும் அப்படித்தான் சொன்னது. எதிர்ப்பக்கம்தான் ஆபத்து: மருந்தைக் குளிரில் உச்சிவரை ஏற்றிவிட்டு, ஓகஸ்ட் வெயிலில் காருக்குள் கிடந்த தோட்டாவை கலைமான் வேட்டையில் சுடுவது. அமுக்கம் கூடும். சோதனையின் கடைசிப் படியை எப்போதும் நல்ல வெயில் நாளில் செய்யுங்கள். அப்புறம் பூட்டுக்குள் இருக்கும் கொழுப்பைக் கழுவிவிடுங்கள். மைனஸ் இருபதில் அது இறுகி, ஊசி பிரைமரை மெதுவாகத்தான் தட்டும், வெடிக்காது. தோட்டாவில் பிழை என்று நினைத்துத் தேடுவீர்கள், பிழை பூட்டில் இருக்கும்.

இப்போது என் மேசையில் சோதனைக்காக இருப்பது செம்புச் சன்னம். ஈயச் சன்னம் விரியும்போது நுண்துகள்களாக இறைச்சிக்குள் சிதறும். கண்ணுக்கும் தெரியாது, பல்லுக்கும் தெரியாது. நோர்வேயின் உணவுப் பாதுகாப்புக்கான அறிவியல் குழு 2013இல் இதை ஆராய்ந்து, வேட்டை இறைச்சி அடிக்கடி உண்பவர்களின் இரத்தத்தில் ஈயம் கூடுவதைக் கவனிக்கச் சொன்னது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது சிறிய விஷயமில்லை. எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் குளிர்காலம் முழுக்க எல்க்தான். மிளகு தூக்கலாகப் போட்டு வைக்கும் எல்க் கறியைப் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். காயத்தைச் சுற்றி இன்னும் அகலமாக வெட்டி எறிவது ஒரு வழி. சன்னத்தையே மாற்றுவது மற்ற வழி.

செம்பு ஈயத்தைவிட இலேசு. அதே நிறைக்குச் சன்னம் நீளமாகிவிடும், கோதுக்குள் அதிக இடம் பிடிக்கும், மருந்துக்கு இடம் குறையும். விரிவதற்கு அதிக வேகமும் வேண்டும். அதனால் நிறையைக் குறைத்து வேகத்தைக் கூட்டவேண்டும். ஓரிக்ஸுக்கு இருந்த அந்த நிம்மதியான இடைவெளி இங்கே இல்லை. அட்டவணையும் வேறு, ஈயச் சன்னத்தின் அளவை அப்படியே எடுத்துப் போடக்கூடாது. செம்பு குழலில் உராயும் விதம் வேறு. உள்வரியிலிருந்து தள்ளி, ஒரு மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி விட்டு வைத்தபோதுதான் என் குழலுக்குப் பிடித்தது. பத்து வெடித் தாள் நன்றாக இருக்கிறது. யூலையில் வேகமும் போதுமான அளவு வந்தது. செம்புக்கென்று வைத்திருக்கும் குளிர்ந்த குழல் முதல் வெடித் தாளில் இன்னும் கோடைத் துளைகள் மட்டும்தான். மைனஸ் பதினைந்தில் அவை எங்கே விழுகின்றன, வேகம் எவ்வளவு குறைகிறது, குறைந்த வேகத்தில் ஈரமாக்கி அடுக்கிய செய்தித்தாள் கட்டுக்குள் சன்னம் விரிகிறதா என்பதெல்லாம் பார்த்த பிறகுதான் குழுவில் உள்ளவர்களிடம் பேசுவேன். அதுவரை இந்தப் பருவத்துக்கு ஓரிக்ஸ் பெட்டிதான், வெட்டுகிற நாளில் காயத்தைச் சுற்றி ஒரு கையகலம் கூடுதலாகக் களைந்துவிடுகிறோம்.